ஏழாவது வரிக்காரர்

கோயிலுக்குள் நுழைந்தால் வலது கைப்பக்கச் சுவரில் ஒரு பளிங்குப் பலகை இருக்கும். பெரிய போரில் இறந்துபோன பங்கு மக்கள் பதினான்கு பேரின் பெயர்கள் அதில் வரிசையாகச் செதுக்கியிருக்கும். இத்தனை வருஷமாக அதன் கீழே மெழுகுவர்த்தி எரிந்ததே தவிர, அந்தப் பதினான்கு பேரும் யார், எங்கே போய் எப்படி மண்டையைப் போட்டார்கள் என்று ஒரு ஈ காக்கை கேட்டதில்லை. புதிதாக வந்த பங்குத்தந்தை கேட்டார். இளவயது, எதையாவது செய்யாவிட்டால் கை அரிக்கும் ஆசாமி. ஆளுக்கு ஒரு பக்கம் என்று பதினான்கு பக்கத்தில் புத்தகம் போடலாம், இறந்தோர் நினைவு ஞாயிறன்று வெளியிடலாம் என்று பிரசங்கத்தில் அறிவித்துவிட்டு, வேலையை யார் தலையில் கட்டலாம் என்று சுற்றுமுற்றும் பார்த்தார். ஃபைலம்மா அகப்பட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில் முப்பத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. தொலைந்துவிட்டது என்று டாக்டர்கள் கைகழுவிய ஃபைலைக்கூட, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போனால் கையோடு எடுத்துக்கொண்டுதான் வெளியே வருவாள். இல்லாததை எழுதமாட்டாள், இருப்பதை விடமாட்டாள். ஒரு தடவை பெரிய டாக்டர் ஒருவர் நோயாளி இறந்த நேரத்தை அரைமணி தள்ளிப் போடச் சொன்னார். "நீங்க வேணா அவரை அரைமணி நேரம் எழுப்பி உக்கார வைங்க டாக்டர், நான் மாத்திப் போடறேன்" என்றாள். அப்புறம் அந்த டாக்டர் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

அவளைப் பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பலகையில் ஏழாவது வரியில் இருப்பவர் அவளுடைய அம்மாவைப் பெற்றவர்.

அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. அப்பா போருக்குப் புறப்பட்டபோது மூன்று வயது. முகம் நினைவில்லை. தூக்கிக் கொஞ்சும்போது அவருடைய சட்டைப் பொத்தான் கன்னத்தில் அழுந்தியது மட்டும் நினைவிருக்கிறது. அந்த ஒரு பொத்தானை வைத்துக்கொண்டு எண்பத்து மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் யாராவது அப்பா இல்லாதவள் என்று சொன்னால், "எங்கப்பா பேரு கல்லுல இருக்கு, உங்கப்பன் பேரு எங்கடி இருக்கு?" என்று கேட்டு அழவைத்து அனுப்புவாளாம். அப்பா இறந்த நாளென்று பலகையில் செதுக்கியிருக்கும் தேதியில் வருஷம் தவறாமல் அவருக்கு ஒரு பூசை வைப்பாள்.

அந்தக் கோயிலில் ஒரு பழக்கம். நினைவு ஞாயிறன்று சாமியார் பதினான்கு பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசிப்பார். பெயர் வரும்போது அந்தக் குடும்பத்தார் எழுந்து நிற்பார்கள். காலம் போகப்போக எழுந்து நிற்க ஆளில்லாத பெயர்கள்தான் மிச்சம். ஏழாவது பெயருக்கு மட்டும் அம்மா இருந்தாள். பதினான்கு பேரில் பெற்ற பிள்ளையென்று உயிரோடிருப்பது அவள் ஒருத்திதான். போன வருஷம் மூட்டு கைவிட்டதால் நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாள் அழுதாள். அதற்காகவே பிசியோதெரபிக்காரப் பெண்ணை வாரத்தில் மூன்று நாள் வரச்சொன்னார்கள்.

"நீங்க தனியா பாத்ரூம் வரைக்கும் நடக்க வேணாமா பாட்டி?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நடக்கறதெல்லாம் கிடக்கட்டும். எங்கப்பா பேரு வர்றப்ப ஒரு நிமிஷம் நிக்கணும். அதுக்கு என்ன வழியோ அதைச் செய்யி" என்றாள் அம்மா. மகளிடம் வேறு ஒன்று கேட்டாள். "அவரு எந்த மண்ணுல விழுந்தாருன்னு மட்டும் கண்டுபிடிச்சு எழுதிடுடி. அதைக் காதால கேட்டுட்டேன்னா நான் நிம்மதியா போய்ச் சேருவேன்."

"கண்டுபிடிச்சுடலாம், எங்க போயிடப் போறாரு?" என்றாள் ஃபைலம்மா. அந்த வார்த்தையை நினைத்துப் பிற்பாடு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஐந்து மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். ராணுவ ஆவணக் காப்பகத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டாள். பலகையின் தலைப்பில் "போர்க்களத்தில் வீழ்ந்தவர்கள்" என்றிருந்தது. உண்மையில் குண்டடி பட்டுச் செத்தவர்கள் நான்கே பேர். மூன்றாவது வரிக்காரர் லாரி கவிழ்ந்து செத்திருந்தார். ஒன்பதாவது வரிக்காரர் முகாமில் வயிற்றுப்போக்கில் போனார். பன்னிரண்டாவது வரிக்காரனுக்குப் பத்தொன்பது வயது. கப்பலின் அடித்தளத்தில் கரி அள்ளிப் போட்டவன், கப்பலோடு முழுகிப்போனான். எல்லாவற்றையும் இருந்தது இருந்தபடி எழுதினாள், லாரி நம்பர் உட்பட. வயிற்றுப்போக்கு என்பதைக் கொஞ்சம் நாசூக்காக மாற்றலாமே என்று ஃபாதர் இழுத்தார்.

"ஏன் ஃபாதர், வயித்துப்போக்குல செத்தா மோட்சத்துல சேத்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். அவர் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பதின்மூன்று பேருக்கும் பதில் வந்தது. ஏழாவது வரிக்காரருக்கு வந்த தாளில் மட்டும் ஒரே வார்த்தை. காணவில்லை. இறந்ததாக எந்தப் பட்டியலிலும் இல்லை. இறந்ததாக இல்லாதவர் பலகையில் எப்படி ஏறினார் என்று அவளுக்கு மண்டை குடைந்தது. கோயிலில் மணியடிப்பதிலிருந்து பூட்டுவது வரை எல்லாம் பார்க்கும் மணிக்காரரைக் கேட்டாள். அவர் அப்பாவும் அதே கோயிலில் மணிக்காரராக இருந்தவர்.

"அந்தக் காலத்து சாமியாரு ராணுவத்துக்கெல்லாம் எழுதிக் கேக்கலம்மா" என்றார் மணிக்காரர். "இறந்தவங்க பூசை நோட்டை எடுத்தாரு. போருக்குப் போனவங்களுக்குன்னு யார் யார் வீட்டுல பூசை கேட்டிருந்தாங்களோ, அந்தப் பேரையும் பூசைத் தேதியையும் ஒரு தாள்ல எழுதிக் கல்லு செதுக்கறவன் கையில குடுத்துட்டாரு. அவ்வளவுதான் ஆராய்ச்சி."

ஆக, அம்மாவின் அம்மா புருஷன் திரும்பாததைக் கண்டு பூசை கேட்டிருக்கிறாள். பூசை கேட்டதால் அவர் செத்தவராகிவிட்டார். ஃபைலம்மா, பிறந்த தேதியையாவது சரியாகப் போடுவோம் என்று பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டாள். மணிக்காரர் அலமாரியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, பித்தளைக் குத்துவிளக்குகளைத் துடைக்கப் போனார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். கத்தோலிக்கர் ஒருவர் எந்த ஊரில் கல்யாணம் செய்துகொண்டாலும், அந்த ஊர்க் கோயில் அவர் ஞானஸ்நானம் வாங்கிய கோயிலுக்கு ஒரு தாள் அனுப்பும். இங்கே அவருடைய பதிவைத் திறந்து, இன்ன நாள் இன்ன கோயிலில் இன்னாரோடு திருமணம் என்று ஓரத்தில் எழுதிவைப்பார்கள். ஒரே ஆள் இரண்டு இடத்தில் மாப்பிள்ளையாகிவிடக் கூடாது என்பதற்குத்தான் இத்தனை கெடுபிடி.

ஏழாவது வரிக்காரரின் பதிவுக்கு ஓரத்தில் இரண்டு குறிப்புகள் இருந்தன. முதலாவது அம்மாவின் அம்மா. இரண்டாவது, தூரத்துத் துறைமுக ஊர் ஒன்றின் கோயில், வேறொரு பெண்ணின் பெயர், "மனைவியை இழந்தவர்" என்ற சொல், அப்புறம் தேதி. பலகையில் அவர் செத்ததாகச் செதுக்கியிருந்த வருஷத்துக்கு ஐந்து வருஷம் பின்னால் இருந்தது அந்தத் தேதி.

"அடப்பாவி!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

"என்னம்மா ஆச்சு?" என்று மணிக்காரர் எட்டிப்பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. தூசி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விரல்விட்டு மூன்று தடவை எண்ணினாள். கையெழுத்து யாருடையது என்று பார்த்தாள். பலகையை ஆசீர்வதித்துத் திறந்துவைத்த அதே சாமியாருடையது. பலகை வைத்து மறுவருஷம் அந்தத் தாள் வந்திருக்கிறது. பிரித்துப் படித்திருக்கிறார், விதிப்படி ஓரத்தில் ஒழுங்காக எழுதியிருக்கிறார், புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். அதற்கப்புறம் பதினாறு வருஷம் அதே பங்கில் இருந்தார். கைம்பெண்ணின் கறுப்பு உடுப்போடு, ஊரார் துணியைத் தைத்துப் பிள்ளையை வளர்த்த ஒரு பெண்ணுக்கு ஞாயிறுதோறும் நற்கருணை அப்பம் கொடுத்தார். உன் புருஷன் உயிரோடிருக்கிறான் என்று மூச்சுவிடவில்லை, கல்லுளிமங்கன். ஃபைலம்மாவுக்கு வந்த ஆத்திரத்தில், செத்துப்போன அந்த மனிதரை எழுப்பி நாலு கேள்வி கேட்கத் தோன்றியது.

துறைமுக ஊர்க் கோயிலுக்கு எழுதினாள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அந்தக் கோயில் ஆபீஸ் எழுத்தர் நல்ல மனிதர்போல, கேட்டதற்கு மேலேயே அனுப்பியிருந்தார். கல்யாணப் பதிவின் நகல். போர் முடிந்த களேபரத்தில், முதல் மனைவியும் பிள்ளையும் இறந்துவிட்டார்கள் என்று அவர் சத்தியம் செய்து கொடுத்ததே போதுமாயிருந்திருக்கிறது. அடக்கப் பதிவின் நகல். எழுபது வயதுவரை வாழ்ந்து, துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்து, நிமோனியாவில் போயிருக்கிறார். ஒரு மகள் இருக்கிறாள், வயது எழுபத்து நாலு. கணக்குப்படி சித்தி. அறுபத்திரண்டு வயதில் தனக்கு ஒரு சித்தி முளைத்திருப்பதை நினைத்து ஃபைலம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கடைசித் தாளைப் பார்த்ததும் ஆடிப்போனாள். அது பூசை நோட்டின் பக்கம். "இந்தக் குடும்பத்தார் வருடந்தோறும் கேட்கும் பூசை இது. தங்களுக்குப் பயன்படலாம்" என்று எழுத்தர் குறித்திருந்தார். மூன்று வயதில் இறந்த மகளின் ஆன்மாவுக்காக என்று எழுதி, அம்மாவின் முழுப் பெயர். அம்மாவின் பிறந்த நாள். அவர் இருந்தவரை அவர் கேட்டிருக்கிறார். அவர் போனபின் அந்தச் சித்தி விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள், போன வருஷம்வரை. கீழே பென்சிலில் அவளுடைய போன் நம்பர்.

ஃபாதரிடம் எல்லாத் தாளையும் காட்டினாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"போரில் காணாமல் போனார்னு போட்டுடலாமே" என்றார் கடைசியில். "அது பொய்யில்லையே. உங்க அம்மாவுக்கு இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?"

"நீங்களும் அந்தக் காலத்து சாமியாரை மாதிரியே எழுதி வெச்சு மூடிடலாம்ங்கறீங்க."

"நான் உங்க அம்மாவை நினைச்சுச் சொல்றேன்."

அவளும் அம்மாவைத்தான் நினைத்தாள். அதுதான் தொல்லை. ஒரு வாரம் தூக்கம் பிடிக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷம் ஒரு பொய் வரி எழுதாதவள், கடைசியில் மேஜைமுன் உட்கார்ந்து ஏழாம் பக்கத்தைப் பூசி மெழுகினாள். வீர நெஞ்சம் கொண்டவர், கடமையின் அழைப்பை ஏற்றுச் சென்றவர், போரில் காணாமல் போனவர், என்றும் நம் நினைவில் வாழ்பவர். நாலே வரி. எழுதி முடித்ததும் கையைக் கழுவவேண்டும்போல இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அம்மா கூப்பிட்டாள். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், பிடித்து நடக்கும் நடைச்சட்டம் பக்கத்தில். அன்று காலையில்தான் எதையும் பிடிக்காமல் முழு ஒரு நிமிஷம் நின்று காட்டியிருந்தாள், முகமெல்லாம் பெருமை.

"நாளைக்கு அச்சுக்குப் போகுதாமே. படி, கேக்கறேன். முதல்லேர்ந்து படி."

ஃபைலம்மா முதலிலிருந்து படித்தாள். லாரிக்காரருக்கு அம்மா உச்சுக் கொட்டினாள். ஏழாம் பக்கம் வந்தது. நாலு வரியையும் படித்துவிட்டுச் சட்டென்று எட்டாம் பக்கத்தைப் புரட்டினாள்.

"இரு. முடிஞ்சுதா?"

"அவ்வளவுதான்மா கிடைச்சுது."

"லாரி கவுந்தவனுக்கு லாரி நம்பர் போட்டிருக்கே. வயித்தால போனவனுக்கு எந்த டாக்டர் பாத்தாருன்னு போட்டிருக்கே. எங்கப்பாவுக்கு வீர நெஞ்சமா? நீ என்னிக்குடி இப்படியெல்லாம் எழுதியிருக்கே?"

"தாள் கிடைக்கலைன்னா நான் என்ன பண்றது?"

"கிடைக்கலைன்னா கிடைக்கலைன்னு எழுதுவே. இப்படிப் பூச்சூட்ட மாட்டே. என்னைப் பாத்துச் சொல்லு. என்ன கண்டுபிடிச்சே?"

அம்மா விடவில்லை. "ஓடிப்போயிட்டாரா? பயந்துட்டாரா? சுட்டுட்டாங்களா? சொல்லித் தொலையேண்டி, உயிரை வாங்காதே."

"சாகலைம்மா" என்றாள். அதற்குமேல் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். துறைமுகம், கல்யாணம், எழுபது வயது, தங்கை. பூசை நோட்டின் நகலை எடுத்து மடியில் வைத்தாள். வைத்த பிறகு, ஏன் வைத்தோம் என்று பதறினாள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். தன் பெயரின்மேல் விரலை வைத்து நிறுத்தினாள்.

"என் பொறந்த நாளன்னிக்கா?"

"ஆமாம்மா."

"நான் மூணு வயசுல செத்துப் போயிட்டேனா?" விரலைத் தேதிமேல் நகர்த்தினாள். "அவரு போனப்ப எனக்கு மூணு."

அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது மகளுக்கு. "நான் இங்க அவருக்குப் பூசை வெக்கறேன். அவரு அங்க சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, எனக்குப் பூசை வெக்கறாரு. நல்லா இருக்குடி, நல்லா இருக்கு" என்றாள். "எங்கம்மா கண்ணு போற வரைக்கும் தெச்சா. அவளுக்கு யாரு பதில் சொல்றது?"

"பக்கத்தை என்னம்மா பண்ணட்டும்?" என்று கேட்டாள் மகள்.

"உன் வேலை. உன் வேலையை நீ எப்பவும் எப்படிச் செய்வியோ அப்படிச் செய்யி." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அந்தப் பொண்ணை நாளைக்கு வர வேணாம்னு சொல்லிடு. நின்னது போதும்."

அன்று சாயங்காலமே ஏழாம் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். போரில் காணாமல் போனார். இறக்கவில்லை. இன்ன ஊரில் மறுமணம் செய்து வாழ்ந்து, இன்ன வருஷம் இறந்தார். முதல் மனைவி அதை அறியாமல் இறந்தார். இரண்டு ஊரிலும் அவருக்கு ஒவ்வொரு மகள் இருக்கிறார். ஃபாதர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஞாயித்துக்கிழமை அந்தப் பேரை நான் வாசிக்கறதா, வேண்டாமா?"

"கல்லுல இருக்கறதை வாசிங்க ஃபாதர். கல்லை என்ன பண்றதுன்னு அப்புறம் பாக்கலாம்."

அம்மா கோயிலுக்கு வரமாட்டாள் என்றுதான் ஃபைலம்மா நினைத்தாள். ஞாயிறு காலையில் பார்த்தால், கிழவி குளித்து உடுத்தி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். "என்ன பாக்கறே? வண்டியைக் கூப்பிடு" என்றாள்.

வாசலில் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பூசை தொடங்கும் முன்பே பாதிப்பேர் ஏழாம் பக்கத்தைப் படித்தாகிவிட்டது. முன்வரிசையில் அம்மா உட்கார்ந்தபோது பின்னால் குசுகுசுவென்று பேச்சு. ஃபைலம்மாவின் முதுகு கூசியது. தன் கையாலேயே அம்மாவைச் சந்தியில் நிறுத்திவிட்டோமே என்று குமைந்தாள்.

பெயர்களை வாசித்தார் ஃபாதர். முதல் பெயருக்கு ஒரு குடும்பம் எழுந்தது. அப்புறம் மூன்று பெயருக்கு யாருமில்லை. ஐந்தாவதுக்கு ஒருவர். ஆறாவதுக்கு யாருமில்லை. ஏழாவது பெயர்.

பழக்க தோஷத்தில் ஃபைலம்மா அம்மாவின் கைக்கு அடியில் கையைக் கொடுத்துப் பாதி எழுந்துவிட்டாள். அம்மா அசையவில்லை. நடைச்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நிற்க முடியாமல் இல்லை. வியாழக்கிழமை முழு ஒரு நிமிஷம் நின்றவள். பலகையை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். ஃபைலம்மாவும் உட்கார்ந்தாள். ஃபாதர் மற்ற பெயர்களுக்குக் காத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காத்தார். பிறகு அவர் எட்டாவது பெயரை வாசித்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே அம்மா கேட்டாள். "அந்த நம்பர் எங்கே?"

"எந்த நம்பர்?"

"என் தங்கச்சி நம்பர்."

"இன்னிக்கே வேணுமாம்மா? கொஞ்சம் ஆறட்டுமே."

"அடுத்த மாசம் என் பொறந்த நாளு. இந்நேரம் பூசைக்கு எழுதிக் குடுத்திருப்பா. போடு."

ஃபைலம்மா நம்பரை அழுத்தினாள். இரண்டு தடவை தப்பாகப் போனது. மூன்றாவது தடவை மணி அடித்தது. "யாரு?" என்றது ஒரு கிழட்டுக் குரல். ஐந்து மாதம் தேடியவளுக்கு இதற்கு மட்டும் ஒரு வார்த்தை அகப்படவில்லை. அம்மா போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் மறுபடியும் யாரு, யாரு என்று கேட்பது வெளியே கேட்டது. இன்னொரு கையால் நடைச்சட்டத்தைப் பிடித்து, மெதுவாக, தானாகவே எழுந்து நின்றாள்.

"நீ வருஷா வருஷம் பூசை வெக்கிறியேம்மா, ஒரு குழந்தைக்கு" என்றாள். "அந்தக் குழந்தைதான் பேசறேன்."